புடலங்காய்க்குக் கட்டிய கல்

"இது ஆரின்ரை புடலங்காய்?" என்று கேட்டார் நாகேந்திரம். கேட்கும்போதே வாய் நிறையச் சோறு.

"பொன்னம்பலம் அண்ணையின்ரை மாடியிலை ஆய்ஞ்சது," என்றாள் மனைவி கௌரி. "தேங்காய்ப்பால் விட்டு வெள்ளைக்கறி வைச்சனான். ஏன், நல்லா இல்லையோ?"

நல்லா இல்லை என்றால் பிரச்சினையே இல்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழும்பியிருக்கலாம். அநியாயத்துக்கு நல்லாயிருந்தது. வயிறு எரிய எரிய இன்னும் ஓர் அகப்பை வாங்கிச் சாப்பிட்டார்.

"நேற்றைய பசளிக்கீரையும் அங்கையிருந்துதானோ?"

"ஓம்."

"முந்தாநாள் கத்தரிக்காய்?"

"அதுவும்தான். மழை விட்ட கையோடை கத்தரி சும்மா கொட்டுது. அந்தந்தக் காலத்திலை காய்க்கிறதை அந்தந்தக் காலத்திலையே தின்னவேணுமப்பா. வாய்க்கும் நல்லது, வயித்துக்கும் நல்லது."

"இது ஆர் சொன்னது? அவரோ?"

கௌரி ரசத்தை ஊற்றினாள்.

நாகேந்திரம் குடியிருந்தது கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில். கோட்டையில் ஒரு கப்பல் கம்பெனியில் ஹெட் கிளார்க். அவருடைய தலைக்கு நேர் மேலே குடியிருந்தவர் பொன்னம்பலம். ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர். மனைவி இல்லை, பிள்ளைகள் கனடாவில். மொட்டை மாடி அவருடைய வீட்டோடு சேர்ந்தது. முழங்கால் இரண்டும் தேய்ந்துபோன மனிதர். கதிரையை விட்டு எழும்புவதென்றால் பிள்ளையாரை ஒருதரம், முருகனை ஒருதரம் கூப்பிடுவார். அப்படிப்பட்டவரின் மாடியில் புடலை, பாகல், கத்தரி, பசளி என்று ஒரு குட்டிச் சந்தையே பந்தல் போட்டு நின்றது. மனிசன் எழும்பமாட்டாராம், தோட்டம் மட்டும் எழும்பி நிற்குதாம் என்று நாகேந்திரம் பல்லைக் கடித்தார்.

அது யுத்தத்தால் யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடந்த காலம். ஊர் முருங்கைக்காயைக் கண்ணால் காண்பதே அபூர்வம். மலைநாட்டு லொறிகளோ ஆமிக்காரர் நிற்கும் சென்ரிக்குச் சென்ரி மறிபட்டு, வாடிய லீக்ஸோடு வந்து சேரும். அந்த நேரம் தலைக்கு மேலே பச்சைப்பசேலென்று காய்த்துத் தொங்கினால் சனம் சும்மா இருக்குமா? கீழே சைவக்கடை வைத்திருந்த ஸ்ரீஸ்கந்தராசா, "இன்றைய கறி: மேல்மாடிக் கத்தரிக்காய்" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார். சோற்றுப் பார்சலை பொலித்தீன் லஞ்ச் ஷீற்றில் சுற்றுவதை விட்டுவிட்டு வாழையிலைக்கு மாறினார். மத்தியானத்தில் ஒழுங்கை முனைவரை கியூ நின்றது. எல்லாரும் அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். ஒருவராவது மூன்றாம் மாடியோடு பார்வையை நிறுத்தவில்லை.

இதுகூடப் பரவாயில்லை. கௌரி நாளாந்தம் காய்கறித் தோல், தேயிலைச் சக்கை எல்லாவற்றையும் வாளியில் போட்டு மாடிக்குக் கொண்டுபோவாள். உக்க வைத்துப் பசளையாக்குவதற்காம். போனவள் உடனே வரமாட்டாள். வரும்போது முகம் சிவந்து, மயிர் கலைந்து, கண்ணுக்குள் ஒரு சிரிப்பு நிற்கும். கல்யாணம் கட்டிய இத்தனை வருசத்தில் தன்னைப் பார்த்து அவள் அப்படி முகம் மலர்ந்ததாக நாகேந்திரத்துக்கு ஞாபகம் இல்லை. அதுதான் குத்தியது. சந்தேகம் என்று சொல்லமுடியாது. பொன்னம்பலத்தின் முழங்காலை நம்பலாம். இது பொறாமை. சுத்தமான, கலப்படமில்லாத பொறாமை. தன் பெண்சாதியின் கண்ணுக்கு, ஸ்டேசன் மாஸ்டரின் புடலங்காயைவிடத் தான் சின்னவனாகப் போய்விட்டேனோ என்று அவருக்கு உள்ளுக்குள் பயமாகவே இருந்தது.

"நாளைக்கு மரக்கறி நான் வாங்கிக்கொண்டு வாறன்," என்றார் கை கழுவிக்கொண்டே. "இனி ஓசிக்கறி வேண்டாம்."

சொன்னபடி செய்தார். பெரிய கடை ஒன்றுக்குள் போய், கோலிபிளவர், லீக்ஸ், கரட், வெளிநாட்டு அப்பிள் என்று கண்டதையெல்லாம் அள்ளி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு சொப்பிங் பேக்கில் போட்டு, இரண்டு கையும் பிய்ந்துபோகத் தூக்கி வந்தார்.

கௌரி பைகளைப் பார்த்தாள். "உதுகளைப் பிடுங்கி எத்தினை நாளோ தெரியாது. உந்தப் பைகளை என்ன செய்யிறது? எரிச்சால் நாத்தம், எறிஞ்சால் வடிகான் அடைக்கும்."

"நீ சமை."

சமைப்பதற்குள் கரண்ட் போனது. போன கரண்ட் சனி முழுக்க வரவில்லை. ஞாயிறு பிரிஜ்ஜைத் திறந்தபோது வீட்டுக்குள் நிற்க முடியவில்லை. கோலிபிளவர் கறுத்து, லீக்ஸ் கூழாகிக் கிடந்தது. நாகேந்திரம் மூக்கைப் பொத்திக்கொண்டு குப்பை வண்டியைத் தேட, கௌரி எல்லாவற்றையும் வாளியில் வாரிக்கொண்டாள்.

"எங்கை கொண்டுபோறாய்?"

"மேலைதான். பசளைக்கு நல்லது. அண்ணை சந்தோசப்படுவார்."

அடுத்தடுத்த வாரங்களில் பொன்னம்பலத்தின் மாடிக் கத்தரி பிள்ளைக் கை மொத்தத்தில் காய்த்தது. தன் சம்பளம்தான் அந்தக் கத்தரிக்காயில் மினுங்குகிறது என்று நினைத்தபோது நாகேந்திரத்துக்கு அழுகையே வந்தது.

படியில் ஒருநாள் பொன்னம்பலம் பிடித்துக்கொண்டார். "தம்பி நாகேந்திரம், கத்தரிக்காய் எப்பிடி? உம்மடை வீட்டுப் பசளைதான்! உமக்குக் கிடைச்சது பெரிய குடுப்பினை ஐசே." சொல்லிவிட்டு ஏதோ பெரிய பகிடி விட்டவர்போலக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

நாகேந்திரத்துக்குக் காது வழியாகப் புகை வந்தது. அன்று பின்னேரமே ஒரு பெரிய சாடி, ஒரு மூட்டை மண், ஒரு பக்கற் புடலை விதையோடு வந்து இறங்கினார்.

கௌரி கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். "அப்ப மண் வீட்டுக்கை வரலாமோ?"

கேள்வி நியாயமானது. இந்த வீட்டுக்கு வந்த புதிதில் கௌரி, "பல்கனியிலை ரெண்டு சாடி வைப்பமே" என்று கெஞ்சியபோது, "மண்ணைக் கிண்டுறதெண்டால் ஊரிலையே இருந்திருக்கலாம். ஹெட் கிளார்க்கின்ரை பெண்சாதி கொழும்பிலை வந்து கத்தரி நட்டவள் எண்டு சனம் சிரிக்கும். இந்த வீட்டுக்கை ஒரு பிடி மண் வரப்படாது" என்று சட்டம் போட்டவர் அவர்தான். அவளும் "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"அது வேறை, இது வேறை," என்றார் இப்போது. "இது தோட்டமில்லை. ஒரு ஆராய்ச்சி."

ஆராய்ச்சி கொடியாகி, பல்கனிக் கம்பியில் ஏறி, ஒழுங்கைப் பக்கமாகக் கவிழ்ந்து தொங்கியது. வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. பூத்ததோடு சரி. ஒரு பிஞ்சு இறங்கவில்லை. நாகேந்திரம் கொடிக்குப் பால் ஊற்றினார், அரிசி கழுவிய தண்ணி ஊற்றினார், ஒருநாள் ஆருமில்லாத நேரம் கையெடுத்துக் கும்பிட்டும் பார்த்தார். கொடி மசியவில்லை.

"காய் வருமோ?" என்று கௌரி கேட்டாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ளை வரும்," என்று வாய் தடுமாறிச் சொல்லிவிட்டார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவேண்டுமே! வெள்ளி விடிந்ததும் கௌரி வழக்கம்போலக் கூடையோடு கோயிலுக்கென்று இறங்கிப் போனாள். போய் வந்து அவள் அடுப்படிக்குள் நுழைந்ததும், நாகேந்திரம் குடையை எடுத்துக்கொண்டு நழுவினார். ஒழுங்கை முனையில் நிலாம் தள்ளுவண்டியில் மரக்கறி விற்பார். மாளிகாவத்தைக்காரர், வாய் ஓயாதவர்.

"வாங்க சேர், புடலங்காய் பாருங்க, இப்ப ஆஞ்சது. பனி கூட காயல்ல."

தம்புள்ளைச் சந்தையிலிருந்து லொறியில் வந்த காயை இப்ப ஆய்ந்தது என்று விற்கிறான், வியாபாரி வியாபாரிதான் என்று நினைத்துக்கொண்டே நாகேந்திரம் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, விரித்த குடையைச் சுருக்கி அதற்குள் செருகினார்.

"என்னா சேர், குடைக்குள்ள?"

"வெயில் படப்படாது."

"வெயிலே இல்லயே சேர்!"

பல்கனியில் பச்சை நூலால் காம்பைக் கொடியோடு இறுக்கிக் கட்டினார். புடலங்காய்க்கு நுனியில் கல் கட்டுவது ஊர் வழக்கம். கட்டாவிட்டால் பாம்புபோலச் சுருண்டுவிடும். உண்மைக் காய்போல இருக்கவேண்டுமே என்று ஒரு சிறு கல்லையும் நுனியில் கட்டித் தொங்கவிட்டார்.

"கௌரி! இஞ்சை ஓடிவா!"

கௌரி வந்தாள். காயைப் பார்த்தாள். மெதுவாகத் திருப்பி மறுபக்கமும் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு விறுவிறென்று உள்ளே போய்விட்டாள். அடுப்படியிலிருந்து விக்கல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பாவம், சந்தோசத்தில் அழுகிறாள் என்று நாகேந்திரத்துக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

"எப்பிடி என்ரை காய்?" என்று மத்தியானம் கேட்டார்.

"அச்சு அசல் அண்ணையின்ரை மாடிக் காய் மாதிரியே இருக்கு," என்றாள் கௌரி, முகத்தைச் சட்டிக்குள் வைத்துக்கொண்டு. "அந்தக் கைப்பக்குவம் உங்களுக்கும் வந்திட்டுது."

அவ்வளவுதான். நாகேந்திரம் நிலத்தில் நிற்கவில்லை. அதற்குப் பிறகு கிழமைக்கு இரண்டு தரம் குடை போனது, குடை வந்தது. கௌரி ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாள். ஸ்ரீஸ்கந்தராசா கரும்பலகையில் "மூன்றாம் மாடிப் புடலங்காய்" என்று எழுதத் தயார் என்றார். கடைசியில் பொன்னம்பலமே, "ஞாயிற்றுக்கிழமை நான் இறங்கி வந்து உம்மடை கொடியைப் பாக்கப்போறன் ஐசே" என்று சொல்லியனுப்பினார்.

அந்த முழங்காலோடு இறங்கி வருகிறார் என்றால் ஒரு காய் போதுமா? நாகேந்திரம் சனிக்கிழமையே நாலைந்து காய் வாங்கிக் கட்டினார். காம்பறுந்த காய்களல்லவா, பின்னேரமே வாடி வளைந்தன. நிமிர்த்துவதற்குப் பெரிய கல் கட்டினார். கல் நூலுக்குள் நிற்காமல் வழுகியது. பழைய கறுப்புச் சொப்பிங் பேக்குகளைத் தேடியெடுத்து, கல்லை அதற்குள் போட்டு முடிந்தார். பாரம் தாங்காமல் கல் கட்டிய நூல் அறுந்தது. பழுதாய்ப்போன ரேடியோவைப் பிரித்து, சிவப்பு வயர், நீல வயர் எல்லாம் உருவிக் கட்டினார். கட்டிவிட்டு எட்ட நின்று பார்த்தார். காய்கள் இராணுவ அணிவகுப்புப்போல நிமிர்ந்து நின்றன. பொன்னம்பலம் வாயடைத்துப் போவார் என்று நினைத்தபோதே வாய் ஊறியது.

ஞாயிறு காலையில் பொன்னம்பலம் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு படியிறங்கத் தொடங்க, கீழே ஒழுங்கை முனைச் சென்ரியில் நின்ற ஆமிக்காரன் தற்செயலாக அண்ணாந்து பார்த்தான். தமிழர் வீட்டுப் பல்கனி. கறுப்புப் பொதிகள். பொதிகளிலிருந்து சிவப்பிலும் நீலத்திலும் வயர்.

விசில் ஊதப்பட்டது. ஒழுங்கையின் இரண்டு பக்கமும் கயிறு கட்டினார்கள். கட்டடத்தில் இருந்த அவ்வளவு பேரையும் அடையாள அட்டையோடு இறக்கிக் கீழே நிறுத்தினார்கள். பொன்னம்பலத்தைக் கதிரையோடு தூக்கி வந்தார்கள். ஸ்ரீஸ்கந்தராசா இடியப்பத் தட்டோடு வந்து நின்றார். மோப்ப நாய் வந்தது, மூன்றாம் மாடிக்கு ஏறியது, மோந்து பார்த்தது, தும்மிவிட்டு இறங்கியது. கடைசியில் ஒரு சார்ஜன்ட் மொட்டை மாடிவரை ஏறிப் பார்த்துவிட்டு, பல்கனிக் காய்களைக் கொடியோடு வெட்டி, பொதி கழற்றாமல் கீழே கொண்டுவந்தார்.

"மொக்கத மே?" என்று கேட்டார். இது என்ன?

"பத்தோல, சேர், பத்தோல," என்றார் நாகேந்திரம். புடலங்காய்க்கு அந்தச் சொல்தான் சிங்களத்தில். மற்றச் சிங்களமெல்லாம் பயத்தில் மறந்துபோயிருந்தது.

சார்ஜன்ட் பொன்னம்பலத்தின் பக்கம் திரும்பினார். "உங்கள் மாடியிலும் கல் தொங்குகிறதே? எதற்குக் கல்?"

பொன்னம்பலம் திருதிருவென்று முழித்தார். பிறகு கௌரியைப் பார்த்தார். கௌரி முன்னுக்கு வந்து, பிஞ்சு எந்த அளவுக்கு வரும்போது எவ்வளவு பாரம் கட்டவேண்டும், ஏன் கட்டவேண்டும் என்று சிங்களத்தில் மளமளவென்று விளங்கப்படுத்தினாள். சார்ஜன்ட் தலையாட்டினார். நாகேந்திரத்துக்கோ அந்த நிலையிலும் வயிறு எரிந்தது. புருசன் மாட்டுப்பட்டு நிற்கிறேன், இவள் அந்தாளுக்காகக் கதைக்கிறாள், பார்!

"மேலே உள்ளது சரி," என்றார் சார்ஜன்ட். "அது கொடியில் காய்த்தது, நான் பார்த்தேன். இது?" ஒரு காயைத் தூக்கிக் காட்டினார். காம்பு கத்தியால் வெட்டுப்பட்டு, பச்சை நூலில் தொங்கியது. "இது இந்தக் கொடியில் காய்க்கவில்லை, மாத்தயா. காய்க்காத காயை வயர் போட்டுப் பல்கனியில் கட்டித் தொங்கவிடுவது யாருக்கு? யாருக்கு இந்தச் சிக்னல்?"

 நாகேந்திரம் அவசரமாக மனக்கணக்குப் போட்டார். ஒரு பொய் சொன்னால் நேரே ஜீப்பில் ஏற்றுவார்கள். ஏறினவன் எப்போது இறங்குவான் என்று அந்தக் காலத்தில் ஆரும் சொல்லமுடியாது. உண்மையைச் சொன்னால், கௌரியின் முன்னால், அதுவும் பொன்னம்பலத்தின் முன்னால், மானம் கப்பலேறும்.

கௌரியைப் பார்த்தார். அவள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. கண் கலங்கி, அவருடைய சேட் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மானம் கிடக்கட்டும் என்று நினைத்தார்.

"சிக்னல் இல்லை சேர்," என்றார் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து. "ஜெலசி. மேல் வீட்டு ஐயாவின்ரை காயை என்ரை நோனா, என்ரை பெண்சாதி, எந்த நேரமும் புகழுறவ. எனக்குப் பொறுக்கேலை. என்ரை கொடியிலை ஒண்டும் காய்க்கேலை. அதாலை கடையிலை வாங்கிக் கட்டினனான். நோனா என்னைப் பாத்தும் ஒருக்காச் சிரிக்கட்டுமெண்டுதான் கட்டினனான், சேர்."

ஆரோ களுக்கென்று சிரித்தார்கள். சார்ஜன்ட்டின் மீசையும் கொஞ்சம் துடித்தது. ஆனாலும் உத்தியோகம் உத்தியோகம்தானே.

"எந்தக் கடை?"

"முனையிலை நிலாமின்ரை வண்டி, சேர்."

ஒரு பொலிஸ்காரன் போய் நிலாமைக் கூட்டி வந்தான். நிலாம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, காய்களையும் வயர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த மாத்தயா உன்னிடமா இதை வாங்கினார்?"

"ஓம் சேர். குடைக்குள்ள வச்சி எடுத்துட்டுப் போவார்."

நாகேந்திரத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாத்தியளோ சேர்? நான் சொன்னனான்தானே!"

சார்ஜன்ட் விடவில்லை. "உனக்கு இந்தக் காய் எங்கிருந்து வருகிறது? யார் கொண்டுவந்து தருகிறார்கள்?"

"தம்புள்ளையிலை இருந்து லொறியிலை வாறது, சேர்," என்று நாகேந்திரமே முந்திக்கொண்டார்.

கௌரி பிடித்திருந்த சேட் கையை மெல்ல விட்டாள். பொன்னம்பலம் கதிரையில் இருந்தபடி வானத்தைப் பார்க்கத் தொடங்கினார். ஸ்ரீஸ்கந்தராசா இடியப்பத் தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

நிலாம் நாகேந்திரத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்புள்ளயா? என்னா சேர் கத இது! நானும் எத்தன நாளா கேக்கோணும் கேக்கோணும்னு நெனச்சிட்டிருந்தன்: உங்கட மிஸிஸ் விடியக்காலைல கூடையில கொண்டந்து எனக்கு வித்துட்டுப் போற தன்ட மாடித் தோட்டத்துக் காய, அவ போன கையோட நீங்க வந்து ஏன் சல்லி குடுத்து வாங்கிட்டுப் போறீங்க?"